கரப்பான் முதலா, ஒவ்வாமை முதலா?

கைக்குழந்தையின் கன்னமோ முழங்கை மடிப்போ சிவந்து, வெடித்து, நீர் கசியத் தொடங்கினால் தமிழ் வீடுகளில் முதலில் எழும் கேள்வி "என்ன கொடுத்தீங்க?" என்பதுதான். பால்குடி மறவாத பிள்ளை என்றால் அதே கேள்வி தாயிடம் திரும்பும்: "நீ என்ன சாப்பிட்டே?" கத்தரிக்காயும் கருவாடும் உடனே விசாரணைக்கு வரும். தீராத அரிப்போடு வரும் இந்தத் தோல் நோயைக் கரப்பான் என்றழைத்த மொழி, அதைத் தூண்டுவதாக நம்பிய உணவுகளுக்கும் 'கரப்பான் பண்டம்' என்று பெயரிட்டுவிட்டது. இந்த ஐயம் நமக்கு மட்டும் உரியதன்று. எக்ஸிமா என்று இதை அழைக்கும் மேலை மருத்துவமும் சென்ற நூற்றாண்டு முழுக்க இதே கேள்வியைத்தான் கேட்டது. ஊசி, சீரம், சோதனைக்கூடம் ஆகியவற்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு கேட்டது என்பதே வேறுபாடு. எக்ஸிமாவுக்கும் ஒவ்வாமைக்கும் உறவு உண்டு என்று அது கண்டது சரி. எது முன், எது பின் என்பதில்தான் அது பிசகியது. அறிவுக் குறைவால் மட்டும் நேர்ந்த பிசகன்று அது. சான்று வந்து சேருமுன் சூட்டப்பட்ட ஒரு பெயரும், கேட்ட கேள்வியை விட்டு வேறொரு கேள்விக்குப் பதில் சொன்ன ஒரு சோதனையும் அதில் பெரும்பங்கு வகித்தன.

எக்ஸிமா என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'கொதித்து வெளியே பொங்கியது' என்று பொருள். 6ஆம் நூற்றாண்டில் அமிடா ஊரைச் சேர்ந்த ஏடியஸ் என்ற மருத்துவரின் நூலில் அச்சொல் காணப்படுகிறது. அடுப்பில் பொங்கும் பால் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வழிவதைப் போல, உள்ளே கெட்டுப்போன நீர்மம் தோலைத் தாண்டி வழிகிறது என்ற கற்பனை அந்தப் பெயருக்குள் இருக்கிறது. தோல் வெறும் விளிம்பு, குற்றம் உள்ளே. உடலை நான்கு நீர்மங்களின் சமநிலையாகப் பார்த்த கிரேக்க மரபுக்கு வேறு விதமாக எண்ணவும் வழியில்லை. லண்டனில் இராபர்ட் வில்லனும் அவர் மாணவர் தாமஸ் பேட்மனும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோல் நோய்களைக் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை மட்டும் வைத்து வகைப்படுத்தியபோது இந்தக் கற்பனை முதல் முறையாக ஆட்டம் கண்டது. வில்லனின் நூல் 1808-இலும் பேட்மனின் சுருக்க நூல் 1813-இலும் வெளிவந்தன. அவர்களுக்கு எக்ஸிமா என்பது சிறு கொப்புளங்கள் நெருங்கி எழும் ஒரு நிலை. வெயில் பட்டாலும் வரும், பாதரச மருந்தாலும் வரும், சர்க்கரையை நாளெல்லாம் அள்ளும் மளிகைக்காரரின் கைக்கும் வரும். உள்ளே எதுவும் பொங்காமலே வெளியிலிருந்து வரக்கூடிய நோய் என்ற எண்ணத்துக்கு அங்கே ஒரு கால்கோள் விழுந்தது.

அந்த எண்ணத்தை அதன் எல்லை வரை கொண்டுசென்றவர் வியன்னா பொது மருத்துவமனையின் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா. சொறி சிரங்குக்கு இரத்தக் கெடுதி காரணம் என்று பலர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அதற்குக் காரணம் ஒரு சிறு பூச்சிதான் என்பதைத் தன் உடலிலேயே சோதித்து நிலைநாட்டியவர் அவர். எக்ஸிமாவையும் அதே கண்ணால் பார்த்தார். நல்ல தோலில் நேர்வாள எண்ணெயைத் தேய்த்து எக்ஸிமாவைப் போன்ற புண்ணை வரவழைத்துக் காட்டினார். தோலில் வருவதைத் தோலிலேயே பூசித் தீர்க்கலாம் என்பது வியன்னாவின் கட்சி. பாரிஸ் அதை ஏற்கவில்லை. அங்குள்ள சேன் லூயி மருத்துவமனை மரபில் தோல் நோய் என்பது பிறவியிலேயே அமைந்த உடற்கூறின் வெளிப்பாடு. குழந்தையின் முகத்தில் கசியும் புண்ணைக் களிம்பு பூசி அடக்கினால் கெட்டது உள்ளே திரும்பி நெஞ்சைத் தாக்கும் என்ற அச்சம் அக்கால மருத்துவரிடையே பரவலாக இருந்தது. தோல் ஆறியபோது மூச்சிரைப்பு தலைகாட்டுவதை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். பார்த்தது பொய்யன்று. அதற்குச் சொன்ன விளக்கத்தில்தான் கோளாறு.

இந்த இரண்டு மரபுகளுக்கும் நடுவே 1892-இல் வந்து நிற்கிறார் எர்னஸ்ட் பெஸ்னியே. சேன் லூயியைச் சேர்ந்த இவர், சிறு வயதில் தொடங்கி, குடும்பத்தில் தொடர்ந்து, அரிப்பையே முதன்மைக் குறியாகக் கொண்டு, நாட்பட நீடிக்கும் ஒரு தோல் நோயைத் தனியாகப் பிரித்து எழுதினார். அத்தகையவர்களுக்கு ஆஸ்துமாவும், பூக்காலத்தில் வரும் தும்மல் நோயும் கூடவே இருப்பதைக் குறித்தார். நாம் இன்று எக்ஸிமா என்று பொதுவாகச் சொல்லும் நோய்க்கு இதுவே முதல் தெளிவான சித்திரம். பிற்காலத்தில் அவர் பெயராலேயே அது வழங்கியது. மூன்று நோய்களும் ஒரே குடும்பத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன என்பது வரை அவர் கண்டது இன்றும் நிற்கிறது. பெரும்பாலும் தோல்தான் முதலில் வருகிறது, மூக்கும் நெஞ்சும் பின்னால் வருகின்றன என்ற வரிசையும் பின்னர் உறுதிப்பட்டது. அந்த வரிசையை வைத்து 'முன்னதுதான் பின்னதற்கு வழிவிடுகிறதோ' என்று ஐயப்பட ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன.

தாமதத்துக்குக் காரணம், இடையே நுழைந்த மாபெரும் கண்டுபிடிப்பு ஒன்று. 1906-இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே 'அலர்ஜி' என்ற சொல்லைப் படைத்தார். ஒரு பொருளை முன்பு சந்தித்த உடல், மறுமுறை அதைச் சந்திக்கும்போது வேறு விதமாகச் செயல்படுகிறது என்பதே அவர் சொன்னது. அந்த வேறுபாடு காப்பாகவும் இருக்கலாம், கேடாகவும் இருக்கலாம். கேட்டை மட்டும் குறிக்கும் சொல்லாக அது பின்னால் சுருங்கியது; தமிழில் 'ஒவ்வாமை' என்று ஆனபோது பழி பெரும்பாலும் பொருளின் தலையில் விழுந்துவிட்டது. அலர்ஜியைக் கண்டறியும் முறை அதற்கு முன்பே தயாராக இருந்தது. மான்செஸ்டரின் சார்ல்ஸ் பிளாக்லி, தன் தோலைக் கீறி அதில் மகரந்தத்தை வைத்துத் தடிப்பு எழுவதைப் பார்த்து 1873-இல் நூலாக்கியிருந்தார். நியூயார்க்கின் ஆஸ்கர் ஷ்லாஸ் 1912-இல் இதே முறையில், முட்டையும் பாதாமும் ஓட்ஸும் சேராத ஒரு சிறுவனின் ஒவ்வாமையை மெய்ப்பித்தார். 1916-இல் கென்னத் பிளாக்ஃபன் எக்ஸிமா உள்ள குழந்தைகளையும் இல்லாத குழந்தைகளையும் சோதித்தார். எக்ஸிமா உள்ளவர்களில் பெரும்பாலோரின் தோல் உணவுப் புரதங்களுக்குத் தடித்தது, மற்றவர்களிடம் அது அரிதாகவே இருந்தது. பழைய ஐயத்துக்குச் சோதனைக்கூடத்தின் முத்திரை கிடைத்துவிட்டதாக எல்லோரும் எண்ணினார்கள்.

1921-இல் பிரெஸ்லாவில் கார்ல் பிரௌஸ்னிட்ஸும் ஹைன்ஸ் கூஸ்ட்னரும் செய்த சோதனை அந்த நம்பிக்கையை இறுக்கியது. கூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. அவருடைய சீரத்தைத் தன் தோலில் ஏற்றிக்கொண்ட பிரௌஸ்னிட்ஸ், மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியபோது அங்கே தடிப்பு எழுந்தது. ஒவ்வாமை இரத்தத்தில் கரைந்திருக்கும் ஒரு பொருளால் வருகிறது, அதை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றலாம் என்று தெரிந்தது. 1923-இல் ஆர்தர் கோக்காவும் இராபர்ட் குக்கும் பரம்பரையாக வரும் இத்தகைய நோய்களுக்கு ஒரு பொதுப்பெயர் தேடி, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் எட்வர்ட் பெர்ரியை அணுகினார்கள். 'இடம் பிசகியது' என்ற பொருளில் அவர் தந்த சொல்தான் 'அட்டோபி'. ஆஸ்துமாவையும் மூக்கு ஒவ்வாமையையும் குறிக்கவே அது பிறந்தது. பத்தே ஆண்டுகளில், 1933-இல், ஃபிரெட் வைஸும் மேரியன் சல்ஸ்பெர்கரும் பெஸ்னியே விவரித்த நோய்க்கு 'அட்டோபிக் டெர்மடைட்டிஸ்' என்று பெயரிட்டார்கள். ஒவ்வாமைக் கூறு உடையவர்களின் தோல் அழற்சி என்று அதற்குப் பொருள். உடனிருப்பதைச் சொல்ல வந்த பெயர், நாளடைவில் காரணத்தைச் சொல்லும் பெயராகப் படிக்கப்பட்டது. எக்ஸிமா எதனால் வருகிறது என்ற கேள்விக்கு இனி நோயின் பெயரே விடை.

பெயரின் விளைவு சாப்பாட்டுத் தட்டில் தெரிந்தது. பாஸ்டனின் லூயிஸ் வெப் ஹில், பசும்பால் ஒவ்வாத குழந்தைகளுக்காகச் சோயாவில் செய்த உணவை 1929-இல் அறிமுகப்படுத்தினார். எக்ஸிமா சிகிச்சையில் பாலுக்கு மாற்று தேடும் வழக்கம் அதனால் வலுப்பட்டது. கலிஃபோர்னியாவின் ஆல்பர்ட் ரோ, சந்தேகத்துக்குரிய உணவுகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கும் உணவுமுறையை வகுத்துப் பரப்பினார். 1966-இல் இஷிஸாகா தம்பதியர் அமெரிக்காவிலும், அடுத்த ஆண்டு யோஹான்சனும் பென்னிக்கும் ஸ்வீடனிலும் பிரௌஸ்னிட்ஸ் தேடிய அந்த இரத்தப் பொருளைக் கண்டுபிடித்தார்கள். 1968-இல் அதற்கு இம்யூனோகுளோபுலின் ஈ என்ற பெயர் நிலைத்தது. எக்ஸிமா நோயாளிகள் பலரிடம் அது எக்கச்சக்கமாக இருப்பதும் விரைவிலேயே தெரியவந்தது. இனி ஐயத்துக்கு இடமேது என்று தோன்றியிருக்கும். ஒரு துளி இரத்தம் எடுத்தால் எந்தெந்த உணவு 'ஆகாது' என்று ஒரு பட்டியலே வந்துவிடும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையின் தட்டிலிருந்து பால், முட்டை, கோதுமை, கடலை என்று ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம்.

ஆனால் அந்தச் சோதனை உண்மையில் சொன்னது என்ன? இந்த உடல் இந்தப் புரதத்தை முன்பே சந்தித்து அதன் மேல் பகை கொண்டிருக்கிறது என்பதை மட்டுமே. அந்தப் பகைதான் தோல் புண்ணை உண்டாக்குகிறது என்று அது சொல்லவில்லை. எங்கே, எப்படிச் சந்தித்தது என்றும் சொல்லவில்லை. ஒரு வீட்டில் கதவும் உடைந்திருக்கிறது, திருடனும் உள்ளே இருக்கிறான் என்றால் திருடன் கதவை உடைத்தானா, உடைந்த கதவைக் கண்டு நுழைந்தானா என்பதைத் திருடனின் இருப்பு மட்டும் தீர்மானிக்காது. நோயாளிகள் யார் என்பதிலும் ஒரு வழுக்கல் இருந்தது. பெரிய மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள் மிகக் கடுமையான நோய் உடையவர்கள். அவர்களிடம் ஒவ்வாமையும் மிகுதி. கார்ஸ்டன் ஃப்ளோரும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2004-இல் வெளியிட்ட மதிப்பாய்வில், 'அட்டோபிக்' என்று பெயரிடப்பட்ட இந்த எக்ஸிமா உடையவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வரை ஒவ்வாமைக் கூறே இல்லாமல் இருக்கலாம் என்று காட்டினார்கள். காரணம் என்று சொல்லப்பட்டது இல்லாமலே விளைவு இருக்கிறது என்றால் அந்தக் காரணத்தை மறுபடி விசாரிக்கத்தான் வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். உணவை நிறுத்தியதும் தோல் தெளிந்த குழந்தைகள் உண்டே? உண்டு. லண்டனில் டேவிட் ஆதர்ட்டன் குழுவினர் 1978-இல் முட்டையையும் பசும்பாலையும் விலக்கிப் பார்த்த சோதனையை முழுதும் முடித்த 20 குழந்தைகளில் 14 பேர் விலக்கிய காலத்தில் கூடுதலாகத் தேறினார்கள். அமெரிக்காவில் ஹியூ சாம்ப்சன் 1985-இல் கடுமையான எக்ஸிமா உடைய 113 பேருக்கு உணவைக் கண்டுகொள்ளாதபடி மறைத்துக் கொடுத்துச் சோதித்தபோது பாதிக்கும் மேற்பட்டோரிடம் எதிர்வினை தெரிந்தது. இவற்றைத் தள்ளிவிட முடியாது. எனினும் ஆதர்ட்டன் ஆய்வில் இன்னொரு செய்தி இருந்தது: யாருக்குத் தோல் சோதனையில் தடிப்பு எழுந்தது என்பதற்கும் யார் தேறினார்கள் என்பதற்கும் தொடர்பே இல்லை. பின்னாளில், 2008-இல், இத்தகைய 9 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, முட்டை ஒவ்வாமை இருப்பதாக ஐயப்படும் கைக்குழந்தைகளுக்கு முட்டையை விலக்குவது ஓரளவு உதவலாம், எக்ஸிமா உள்ள எல்லோருக்கும் பொதுவாக உணவை விலக்குவதால் பயன் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்தது. ஆக, சிலருக்கு உணவு நெருப்பில் எண்ணெயை ஊற்றுகிறது. நெருப்பை மூட்டியது அதுதான் என்பதற்கு இது சான்றாகாது.

இருந்தும் விலக்கும் கொள்கை நோயாளியைத் தாண்டி, நோயே இல்லாத குழந்தைகள் மீதும் படர்ந்தது. ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிகுந்த குடும்பத்துக் குழந்தைகளுக்கு முட்டையை 2 வயது வரையும், வேர்க்கடலையையும் மீனையும் 3 வயது வரையும் தர வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000-இல் அறிவுறுத்தியது. பிரிட்டனிலும் வேர்க்கடலை பற்றி இதையொத்த அறிவுரை 1998 முதல் இருந்தது. முரண் என்னவென்றால், வாய்வழியே போகும் புரதத்தை உடல் பகையாக்காமல் பழக்கிக்கொள்கிறது என்பதற்கான சான்று 1911-லேயே இருந்தது. சிகாகோவின் கிடியன் வெல்ஸ், முட்டைப் புரதத்தைத் தின்று வளர்ந்த கினிப்பன்றிகளுக்கு அதையே பின்னர் ஊசியில் ஏற்றினாலும் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி வருவதில்லை என்று காட்டியிருந்தார். வாய் ஒரு வாசல், தோல் இன்னொரு வாசல். முதல் வாசலில் விருந்தாளியாக நுழைவதே இரண்டாம் வாசலில் பகையாளியாக நுழையலாம். இந்தச் சிந்தனைக்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் முதல் உலகப் போருக்கு முன்பே மேசையில் கிடந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

சேர்த்துப் பார்க்கத் தூண்டியது வேர்க்கடலை. பிரிட்டனின் ஏவன் பகுதியில் பிறந்த 13,971 குழந்தைகளின் தரவுகளை ஆராய்ந்த கிடியன் லாக் குழுவினர் 2003-இல் எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். தாய் கர்ப்ப காலத்தில் கடலை தின்றதற்கும் பிள்ளையின் கடலை ஒவ்வாமைக்கும் தொடர்பு தெரியவில்லை. புண்பட்ட தோலில் கடலை எண்ணெய் கலந்த களிம்பு பூசப்பட்ட குழந்தைகளிடம் அந்த ஒவ்வாமை கூடுதலாக இருந்தது. எக்ஸிமாவுக்கு மருந்தாகத் தடவியதே ஒவ்வாமைக்கு வழி திறந்திருக்கலாம்! 2008-இல் அதே குழுவினர் பிரிட்டனிலும் இஸ்ரேலிலும் வாழும் யூதக் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். பிரிட்டனில் கடலை ஒவ்வாமை 1.85 சதவீதம், கடலை கலந்த தின்பண்டத்தைக் குழந்தைகள் ஒரு வயதுக்குள்ளேயே சப்பிப் பழகும் இஸ்ரேலில் 0.17 சதவீதம். ஜப்பானிலிருந்து வந்த சான்று இன்னும் கூர்மையானது. கோதுமைப் புரதத்தை உடைத்துச் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்திய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை உணவே ஆகாமல் போயிற்று. அதுவரை ரொட்டியும் நூடுல்ஸும் தின்றுகொண்டிருந்தவர்கள் அவர்கள். 2011-இல் அந்தச் சோப்பு சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

தோல்தான் வாசல் என்றால், அந்த வாசல் சிலருக்கு மட்டும் ஏன் திறந்து கிடக்கிறது? 2006-இல் டண்டி பல்கலைக்கழகத்தின் இர்வின் மக்லீன், டப்ளினின் ஆலன் இர்வின் ஆகியோரின் குழு அதற்கு ஒரு விடை தந்தது. தோலின் மேலடுக்கில் செல்களின் இழைகளை இறுக்கிக் கட்டவும், பின்னர் சிதைந்து ஈரத்தைப் பிடித்துவைக்கவும் உதவும் புரதம் ஃபிலக்ரின். அதன் மரபணு பழுதுபட்டவர்களுக்கு எக்ஸிமா வரும் வாய்ப்பு பல மடங்கு உயர்கிறது. ஐரோப்பியரில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் அந்தப் பழுது இருக்கிறது. எக்ஸிமா வந்த ஃபிலக்ரின் பழுதுடையோருக்கு ஆஸ்துமாவும் கூடுதலாக வருகிறது; எக்ஸிமா வராதவர்களுக்கு அப்படிக் கூடுவதில்லை. இத்தனைக்கும் நுரையீரலின் மூச்சுக் குழாய்களில் ஃபிலக்ரின் கிடையாது. தோலில் வேலை செய்யும் ஒரு புரதத்தின் குறை நெஞ்சில் நோயாக முடிகிறது என்றால், நடுவில் உள்ள பாதை தோலின் வழியாகத்தான் போக வேண்டும். பாரிஸ் மருத்துவர்கள் அஞ்சிய 'தோலிலிருந்து நெஞ்சுக்கு' என்ற பயணம் உண்மைதான். புண்ணை ஆற்றினால் அது நிகழும் என்பதுதான் பொய்.

லண்டனில் நடந்து 2015-இல் வெளியான சோதனை இந்த வாதத்தின் மறுபாதியை நிறுவியது. கடும் எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த, 4 முதல் 11 மாதம் வரையான 640 குழந்தைகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கடலை அறவே இல்லை. மறு பிரிவுக்கு வாரந்தோறும் கடலை உணவு. 5 வயதில் விலக்கிய பிரிவில் 17.2 சதவீதத்தினருக்குக் கடலை ஒவ்வாமை; தின்ற பிரிவில் 3.2 சதவீதம். பாதுகாப்பு என்று சொல்லப்பட்ட விலக்கலே ஆபத்தைப் பெருக்கியிருந்தது. பழைய அறிவுரையை அமெரிக்கக் கழகம் 2008-லேயே கைவிட்டிருந்தது. இந்தச் சோதனைக்குப் பின் அறிவுரை தலைகீழானது.

இத்தனை சொன்ன பிறகும் ஒரு கடினமான மறுப்பு மிச்சமிருக்கிறது. உடைந்த தோல்தான் வாசல் என்றால் பிறந்தது முதல் ஈரப்பசை தரும் களிம்பைப் பூசி வாசலை அடைத்துவிட்டால் எக்ஸிமாவும் ஒவ்வாமையும் வரக் கூடாதல்லவா? 124 குழந்தைகளோடு 2014-இல் வெளியான சிறிய ஆய்வு அப்படித்தான் நம்பிக்கை ஊட்டியது. ஆனால் 2020-இல் வெளியான இரண்டு பெரிய சோதனைகள், பிரிட்டனில் 1,394 குழந்தைகளோடும் நார்வே, ஸ்வீடனில் 2,397 குழந்தைகளோடும் நடந்தவை, அந்த நம்பிக்கையைக் கலைத்தன. பிரிட்டன் சோதனையில் களிம்பு பூசியவர்களில் 23 சதவீதத்தினருக்கும் பூசாதவர்களில் 25 சதவீதத்தினருக்கும் 2 வயதில் எக்ஸிமா இருந்தது. சொல்லிக்கொள்ளும் வேறுபாடு இல்லை. இது தோல் வாதத்தை வீழ்த்திவிட்டதா? வீழ்த்தியது களிம்பின் மீதிருந்த எளிய நம்பிக்கையை. எண்ணெய்ப் பசையான ஒரு பூச்சு, இல்லாத புரதத்துக்கு ஈடாகாது. பூசும் கையில் ஒட்டியிருக்கும் உணவையும் அது சேர்த்தே தேய்த்துவிடக்கூடும். அடிக்கடி களிம்பு பூசப்பட்ட குழந்தைகளிடம் உணவு ஒவ்வாமை கூடுதலாக இருந்ததைக் காட்டிய ஆய்வும் உண்டு. அது உண்மையானால் வாசல் வாதத்துக்கு இன்னொரு சான்றாகவே அமையும். ஆனாலும் வாசலைக் கண்டுபிடித்ததாலேயே பூட்டும் கிடைத்துவிட்டதாகக் கொள்ள முடியாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும் தோலின் கணக்கில் எழுதுவதும் பழைய தவற்றின் மறுபதிப்பாகிவிடும். ஃபிலக்ரின் பழுது இருந்தும் எக்ஸிமா வராதவர்கள் உண்டு. ஆப்பிரிக்க மக்களிடம் அந்தப் பழுது அரிது, எக்ஸிமா அரிதன்று. 2017-இல் ஒப்புதல் பெற்ற டூபிலுமாப் என்ற மருந்து தோலில் பூசுவதன்று. நோயெதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் இரண்டு தூதுகளைத் தடுக்கிறது, கடும் எக்ஸிமாவும் தணிகிறது. உள்ளே இருப்பதற்கும் பங்கு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தூதுகள் செய்யும் வேலைகளில் ஒன்று ஃபிலக்ரின் உற்பத்தியைக் குறைப்பது. தோல் உடைந்தால் அழற்சி, அழற்சி மிகுந்தால் தோல் மேலும் உடைவது என்று இது ஒரு செக்குமாட்டுச் சுற்று. மாறாக, ஒவ்வாமைக்கே உரிய இம்யூனோகுளோபுலின் ஈயைப் பிடித்துக் கட்டும் ஓமலிசுமாப், ஆஸ்துமாவில் பெயர் பெற்றது போல எக்ஸிமாவில் பெறவில்லை. எக்ஸிமா ஒவ்வாமையின் விளைவு என்பது முழு உண்மையாக இருந்திருந்தால் முதலில் வென்றிருக்க வேண்டிய மருந்து அதுதான்.

ஆகவே வியன்னாவும் முழுக்க வெல்லவில்லை, பாரிஸும் முழுக்கத் தோற்கவில்லை. தோற்றது, 1933-இல் வைத்த பெயரைத் தீர்ப்பாகப் படித்த பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு விலை கொடுத்தவர்கள் பாலும் முட்டையும் மறுக்கப்பட்டு வளர்ந்த பிள்ளைகளும், தான் எதையோ தின்றதால்தான் பிள்ளைக்கு இப்படி ஆயிற்று என்று குமைந்த தாய்மார்களும். நம் 'கரப்பான் பண்டம்' என்ற சொல்லிலும் அதே தீர்ப்பு பதுங்கியிருக்கிறது. ஓர் உணவை உண்ட சற்று நேரத்தில் தடிப்போ வாந்தியோ மூச்சுத் திணறலோ வரும் பிள்ளைக்கு அந்த உணவை நிறுத்தத்தான் வேண்டும். அதை உறுதிசெய்ய மருத்துவர் வேண்டும். கடும் எக்ஸிமா உள்ள குழந்தைக்குக் கடலையை முதன்முதலில் தரும்போதும் அவர் ஆலோசனை வேண்டும்; முழுக் கடலை தொண்டையில் அடைக்கும் என்பதால் அரைத்தே தர வேண்டும். மற்றபடி, ஒரு சோதனைத் தாளில் உள்ள எண்ணை மட்டும் நம்பிப் பிள்ளையின் தட்டைக் காலி செய்யாதீர்கள். முழங்கை மடிப்பு வெடித்திருந்தால், என்ன தின்றது என்று கேட்பதற்கு முன் அந்த வெடிப்பை ஆற்றுங்கள்.